பூட்டி வைத்த டிஸ்க்

செவ்வாய்க்கிழமை

நேற்றுக் கம்ப்யூட்டர் கடை றிபாய் வீட்டுக்கு வந்து புது டிஸ்க் ஒன்று போட்டு என் கம்ப்யூட்டரைப் புதுப்பித்தார். மறைந்த என் கணவர் கோவிலில் வேதாகமம் வாசித்த பதிவுகள் உள்ள டிஸ்க்கில் யாரும் கைவைக்கக் கூடாதென்று, அதை மட்டும் அலுமாரியில் பூட்டினேன். இன்று செருகினால் திரையில் அது வரவில்லை. அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. "என்னத்த அழிச்சிங்க?" என்று றிபாயைத் தொலைபேசியில் அதட்டினேன்.

மழையோடு வந்தார்.

"டிஸ்க்கில பழுது ஒண்டுமில்ல டீச்சர். நீங்க பூட்டி வெச்ச நேரம், அதுட டிரைவ் எழுத்த, D, E எண்டு கம்ப்யூட்டர் குடுக்கிற அடையாளத்த, புது டிஸ்க் எடுத்திட்டு. வேற எழுத்துக் குடுத்தாச் சரி."

கொடுத்ததும் என் கணவரின் குரல் வந்தது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் றிபாய்க்கு இரண்டு முறை தேநீர் ஊற்றிவிட்டேன்.

சற்றுமுன் தனியே அந்தப் பதிவை மறுபடி கேட்டேன். நேபுகாத்நேச்சார் என்ற பெயரை இவர் இன்னும் பிழையாகத்தான் வாசிக்கிறார்.