நண்பகலில் மெலியும் வேங்கை மரம்

ஏப்ரல் 21, இரவு

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு, பக்கத்தில் தூங்கும் தங்கையிடம் மன்னிப்பு. எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

புளியங்குடி மலையில் ஆராய்ச்சிக்காக நாங்கள் அளக்கும் வேங்கை மரத்தைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை கட்டியிருக்கிறோம். மரம் பருத்தால் பட்டையின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கூடும்; அதைத்தான் அளக்கிறோம். போன வாரம் நான் எடுத்த அளவு குறைந்திருந்தது. கூட வேலை பார்க்கும் எஸ்தர் அக்கா சிரித்தாள்.

"மரம் எங்கனயாவது மெலியுமாட்டி? தப்பாப் பாத்திருக்க. அடிச்சிட்டு மாத்தி எழுது."

நான் அந்த அளவை அடிக்கவில்லை. மாற்றவும் இல்லை.

நேற்று, ஒரே ஒரு ராத்திரி என்று அப்பாவிடம் கெஞ்சி, அக்காவோடு காட்டு முகாமில் தங்கினேன். இன்று விடியும்போதே அளந்தேன். உச்சி வெயிலில் மறுபடி அளந்தேன். மயிரிழை குறைவு! வெயிலில் இலை வழியே நீர் போய்த் தண்டு சுருங்குகிறது. இரவில் வேர் குடித்து நிரப்புகிறது. நாங்களோ இத்தனை மாதமும் பஸ் வந்து சேர்ந்த நேரத்துக்கெல்லாம் அளந்திருக்கிறோம்.

அக்கா தானே அளந்து பார்த்தாள். "ஏ மக்கா, அடிக்கச் சொன்ன என்னயத்தான் அடிக்கணும்."

இனி விடியலில் மட்டுமே அளக்க வேண்டும். அதற்கு முகாமிலேயே தங்க வேண்டும்.

வீட்டில் நான் இதைச் சொல்லச் சொல்ல அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப மரத்துக்கும் தாகம் எடுக்குதுன்னு சொல்லுத." முகமெல்லாம் சிரிப்பு. அப்போதே கேட்டிருக்கலாம். காலையில் கேட்டுவிடுவேன்.

அப்பா, மரம் பருக்கும் மழைக்காலம் முடியும்வரை என்னை மலையில் தங்க விடுங்கள்.