மறுபக்கம் காலி என்றேன்

வியாழன் இரவு, ஆகஸ்ட் 1986

துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் பேசி அனுப்பிய கேசட்டின் முதல் பக்கத்தைக் குடும்பமே கூடிக் கேட்டாயிற்று. மறுபக்கம் எனக்கு மட்டும் என்று, அதைக் கொண்டுவந்தவரின் மனைவி காதோடு சொல்லியிருந்தாள். இத்தனை பேர் இருக்கும் வீட்டில் அதை எப்படித் தனியாகக் கேட்பது? தையல் காசை எடுத்துக்கொண்டு, ஹெட்போன் வாங்க இன்று அண்ணனோடு மெட்ராஸ் போனேன்.

கடையில் கேசட்டின் முதல் பக்கத்தைப் போட்டே பார்த்தேன். முதல் ஹெட்போனில் அவர் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது. "பாட்டுக்கு இதாம்மா எடுப்பு" என்றார் கடைக்காரர். அண்ணனுக்கும் அதுதான் பிடித்தது. இன்னொன்றில் குரல் கீச்சிட்டது. மூன்றாவது காதை முழுக்க மூடியது. விலையும் கைக்கு அடக்கம். அதில் அவர் அவராகவே பேசினார். அதையே வாங்கினேன்.

பழவேற்காடு திரும்பியதும், தானும் அதில் கேட்க வேண்டும் என்று மாமி, அவருடைய அம்மா, ஆசைப்பட்டார். முதல் பக்கத்தைப் போட்டு மாட்டிவிட்டேன்.

"எம்புள்ள பக்கத்துல உக்காந்து பேசறாப்பல இருக்குதும்மா" என்று கண் கலங்கினார். முடிந்ததும், "அந்தப் பக்கம் இன்னா இருக்குது?" என்றார்.

வெட்கத்தில், "காலி மாமி" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப காலைல நான் அதுல பேசறேன். அவனுக்கே அனுப்பிடலாம்."

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமி இன்னும் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். சற்று முன் அருகில் போய், "மாமி, அது காலி இல்ல" என்றேன். ஹெட்போனுக்குள் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை.