இல்லாத கண்ணாடி

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? விடுதியில் பக்கத்துக் கட்டில் சமையல்காரர்தான் எழுதித் தருகிறார்.

ரிமோட்டில் ஓடும் பொம்மை கார் கடையில், காரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி எந்த பேட்டரியைத் தாங்குமோ அதை மாட்டுவது என் வேலை. எனக்கு எழுத்துத் தெரியாதென்று முதலாளிக்குத் தெரியாது. பேட்டரிமேல் ஒட்டிய அட்டையின் நிறங்களை மனதில் வைத்தே இரண்டு வருடம் ஓட்டினேன். நேற்று நிறம் மாறி வந்த பெரிய பேட்டரியைச் சிறியதென்று மாட்டிவிட்டேன். பெட்டி புகைந்தது. முதலாளி வந்து பார்த்தார்.

“எழுதியிருக்கே பெரியவரே, படிக்கலையா?”

“கண்ணாடி ஊர்ல இருக்குங்க.”

“வரவழைங்க. வந்ததும் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுங்க.”

நீ பயப்படாதே. இப்போது பேட்டரியின் மெல்லிய கம்பிகளை எண்ணி மாட்டுகிறேன். சிறியதற்கு மூன்று, பெரியதற்கு நான்கு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்கிறேன்.

பதில் நீளமாக வரட்டும். சமையல்காரருக்கு நேரமாகிறது. கடையிலிருந்து போன் வந்தால், கண்ணாடியை இன்னும் தேடுகிறேன் என்றே சொல்.