கழுத்தைப் பற்றி ஒரு வரி

மாமல்லபுரம்
11-12-1973

அன்புள்ள அமீருக்கு,

நலம். நீ, ஹபீபா, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? என் வீட்டில் ஜெகதாம்பாள் உங்களுக்கென்று நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். நேற்று உன் ஆஸ்பத்திரிக்கு வேன் கிளம்பியபோதே கொடுத்தனுப்பச் சொன்னாள். சவத்தோடு கருவாட்டை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அந்த வேனில் வந்தவள் பூவாயி. இங்கிருந்து தெற்கே ஒரு குப்பத்துப் பெண். இருபத்திரண்டு வயது. புருஷன் தேசப்பன் கட்டுமரத்தில் போகிறவன். குடித்தால் கை சும்மா இருக்காது. போன வாரம் ஒரு சாயங்காலம் அவள் சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடியதையும், இவன் பின்னாலேயே போனதையும் கல்பாக்கம் பஸ் டிரைவர் ஒருவர் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை. கேட்டால், "கோச்சிகினு அவ ஆத்தா வூட்டுக்குப் போய்ட்டா சார்" என்றான். அங்கே அவள் போகவில்லை. கடல்தான் அவளைக் கரையில் போட்டது.

நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் சும்மா ஒருவனைக் கை காட்டமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இவன்தான். கழுத்தை நெரித்துக் கடலில் தள்ளியிருக்கிறான். உன் ரிப்போர்ட் வரட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மூர்த்தி

786
செங்கல்பட்டு
13-12-1973

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்தபோது பரிசோதனை முடிந்திருந்தது. முடித்துவிட்டுத்தான் பிரித்தேன். அது நல்லதாகப் போயிற்று. இன்ஸ்பெக்டர் எனக்குச் சொல்ல வேண்டியதை மெமோவில் சொல்லட்டும். மூர்த்தி கருவாட்டைப் பற்றி எழுதட்டும். கோபித்துக்கொள்ளாதே.

ரிப்போர்ட் உனக்குத் தனியாக வருகிறது. இருந்தாலும் நீ துடித்துக்கொண்டிருப்பாய் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்தில் சதை என்று பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. மீன்களும் தண்ணீரும் எடுத்துக்கொண்டுவிட்டன. குரல்வளைக்கு மேலே உள்ள சின்ன எலும்பு முறியவில்லை. இந்த வயதில் அது வளையும், லேசில் முறியாது. அதனால் நெரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நெரித்தான் என்றும் சொல்ல முடியாது. நுரையீரல் இருந்த நிலையில், தண்ணீரில் விழும்போது உயிர் இருந்ததா என்பதும் தெரியவில்லை.

விலா எலும்பு இரண்டு முன்பே முறிந்து கூடியிருக்கிறது. இடது மணிக்கட்டும் எப்போதோ ஒடிந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது. அதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். குடலையும் ஈரலையும் மெட்ராஸுக்கு ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். அது வந்த பிறகுதான் இறுதிக் கருத்து.

பக்ரீதுக்கு நீங்கள் இங்கேதான் சாப்பாடு. பிறகு எல்லோரும் வேடந்தாங்கல் போகலாம் என்று பிள்ளைகள் ஒரே நச்சரிப்பு.

உன்,
அமீர்

மாமல்லபுரம்
17-12-1973

அமீர்,

ரிப்போர்ட் பார்த்தேன். இரண்டு முறை படித்தேன். "தெரியவில்லை, சொல்ல இயலாது." இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? விலா எலும்பு முறிந்து கூடியதற்கு யாருக்கடா தூக்குத் தண்டனை கொடுப்பார்கள்?

பூவாயியின் தாய் முனியம்மா தினமும் ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். கூடையோடு வருவாள், மீன் விற்கப் போகமாட்டாள். "எம் பொண்ணு பூட்டா சார். அவன் இன்னாடான்னா வலைய ரிப்பேர் பண்ணிகினு ஒக்காந்துகினு கீறான். நீ பாத்துகினு கீற" என்கிறாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. பின்பக்கமாக ஸ்டேஷனுக்குள் போகிறேன்.

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நெரிக்கவில்லை என்று சொல்ல முடியாது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதையே கொஞ்சம் திருப்பி எழுது. "கழுத்து நெரிக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி." ஒரே ஒரு வரி. இறுதிக் கருத்தை நீ இன்னும் கொடுக்கவில்லையே. டிரைவர் சாட்சி இருக்கிறது, தாய் சாட்சி இருக்கிறது, அந்த வரியும் இருந்தால் போதும். யாரோ ஒரு பணக்காரனைக் காப்பாற்றவா கேட்கிறேன்? நாதியில்லாத ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன்.

நாம் இருவரும் இந்த வேலைக்கு எதற்கு வந்தோம் என்று யோசித்துப் பார்.

மூர்த்தி

786
செங்கல்பட்டு
9-1-1974

அன்புள்ள மூர்த்தி,

பக்ரீதுக்கு நீ வரவில்லை. ஜெகதாம்பாளையாவது அனுப்பியிருக்கலாம். ஹபீபா பிரியாணிச் சட்டியை மூடியபடியே வைத்துக்கொண்டு, "அண்ணன் கடைசி பஸ்ஸுக்காவது வந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேடந்தாங்கலுக்கும் நாங்கள் போகவில்லை.

மெட்ராஸிலிருந்து முடிவு வந்துவிட்டது. விஷம் எதுவும் இல்லை. மரணத்தின் காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நீ சொன்ன அந்த வரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தது, மூர்த்தி. படிக்கிற எவனும் நம்புவான். நானே கொஞ்ச நேரம் நம்பினேன். இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று பயமாக இருந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன்.

தேசப்பன் கொன்றிருப்பான் என்று நானும் நினைக்கிறேன். அது அமீர் நினைப்பது. டாக்டர் பார்த்தது வேறு. நான் நினைப்பதை என் கத்தி பார்த்தது போல எழுதினால், நீதிபதி தன் வேலையைச் செய்வதாக நினைத்துக்கொண்டு என் மனசுக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பார். நீ நல்லவன், அதனால்தான் எனக்கு இது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. ஒரு அயோக்கியன் கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன்,
அமீர்

மாமல்லபுரம்
23-7-1974

டாக்டர் அவர்களுக்கு,

நேற்று செஷன்ஸ் கோர்ட்டில் தீர்ப்பு. தேசப்பன் விடுதலை. நீங்கள் சாட்சி சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட்டதால் தெரிந்திருக்காது.

எதிர்த்தரப்பு வக்கீல் சிவப்பிரகாசம் உங்களை வானளாவப் புகழ்ந்தார். "போலீஸுக்கு வேண்டியதைச் சொல்லாமல், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு நேர்மையான டாக்டர்" என்றார். வாழ்த்துகள்.

வெளியே வந்ததும், யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல், தேசப்பன் அவனைப் பிடித்த என் காலையே தொட்டான். "நீ நல்லா இருக்கணும் சார்" என்று குழந்தை மாதிரி அழுதான். அந்த அழுகையைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவன்தான். முனியம்மா அழவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே போய்விட்டாள்.

இனி நமக்குள் கடிதம் வேண்டாம். மெமோ வரும்.

மூர்த்தி, இன்ஸ்பெக்டர்

786
செங்கல்பட்டு
18-11-1974

அன்புள்ள மூர்த்தி,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். நான்கு மாதம் சொன்னபடி கேட்டேன். இதை எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

முனியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஏதோ உடம்புக்கு என்று நினைத்தேன். புறநோயாளிகள் எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள். பிறகு மேசைக்கு எதிரே நின்று கேட்டாள்.

"அவன் கொன்னானா இல்லியா? எனுக்கு அத்த மட்டும் சொல்லு."

"தெரியலம்மா" என்றேன்.

"கோர்ட்டுக்கு வேணாம். வக்கீலு இல்ல, போலீஸ் இல்ல. எனுக்குச் சொல்லு."

"உண்மையாவே எனக்குத் தெரியலம்மா. கடல்ல கெடந்த ஒடம்பு. சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இம்மாம் படிப்பு படிச்ச?"

டீ வரவழைத்தேன். குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? சோற்றில் கை வைத்தால் அவள் குரல் கேட்கிறது. சவப் பரிசோதனை வேலையிலிருந்து மாற்றிவிடும்படி பெரிய டாக்டரிடம் கேட்டேன். "ஏன், நன்றாகத்தானே செய்கிறீர்?" என்றார். காரணம் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். ஹபீபா, "அண்ணனைப் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்கிறாள். மாமல்லபுரம் பஸ்ஸில் இரண்டு தடவை ஏறினேன். இரண்டு தடவையும் திருக்கழுக்குன்றத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

நீ பதில் போடமாட்டாய். ஆனாலும் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
அமீர்

மாமல்லபுரம்
30-10-1975

அன்புள்ள அமீர்,

உன் போன வருஷக் கடிதத்தைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, ஒரு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் கோர்ட்டில் கூண்டில் நின்றவனைப் பார்த்து உன் முகம் மாறியதை நான் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தேன். அதுவரை உனக்குத் தெரியாது, இல்லையா? ஏப்ரல் மாதம் உன்னிடம் காயச் சான்றிதழுக்கு வந்த வேண்டா என்ற பெண், தேசப்பனின் இரண்டாம் தாரம். பட்டப்பகலில் தானே ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, "என்னக் கொல்லப் பாத்தான்" என்று சொல்லிவிட்டுச் சரிந்தாள். அவளோடு ஜெகதாம்பாளைத் துணைக்கு அனுப்பினேன். உனக்கு ஒரு கடிதம் எழுதக் காகிதம் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். மெமோவில் பெயரும் வயதும் மட்டும் எழுதினேன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஜெகதாம்பாளிடமும் கண்டித்துச் சொல்லியிருந்தேன்.

உன் சான்றிதழ் திரும்பி வந்தது. "கழுத்தின் இருபுறமும் விரல் தடங்கள்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன்.

அதே வக்கீல் சிவப்பிரகாசம்தான் அன்றும். உன்னை நாலு கேள்விக்கு மேல் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் அவரிடம், "என்ன சார், இவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டீர்கள்?" என்றேன். "இந்த டாக்டர் இல்லாததைச் சொல்லமாட்டார் என்று இதே ஜட்ஜிடம் நான்தானே சொன்னேன்? இன்றைக்கு எந்த வாயால் மாற்றிப் பேசுவேன்?" என்றார். நேற்று தீர்ப்பு. ஏழு வருஷம் போட்டிருக்கிறார்கள்.

போன தடவை நான் கேட்டதை நீ கொடுத்திருந்தால், வேண்டாவுக்கு இது நடந்தே இருக்காது. அவன் அப்போதே உள்ளே போயிருப்பான். உனக்கும் இது தோன்றியிருக்கும், அதனால் நானே எழுதிவிடுகிறேன். நீ கொடுத்திருந்தால் அதற்கப்புறம் எத்தனை பேரிடம் நான் இப்படிக் கேட்டிருப்பேன் என்றும் யோசிக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கணக்குத் தீரமாட்டேன் என்கிறது. பூவாயி எப்படிச் செத்தாள் என்பது இன்றைக்கும் நம் இருவருக்கும் தெரியாது. இதை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

வேண்டாவுக்குப் போக இடமில்லை. பிறந்த வீட்டில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்ததற்காக இந்தப் பெயரை வைத்தவர்கள், திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. முனியம்மா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். "எம் பொண்ணு படுத்த பாய் சும்மா தான் கெடக்குது. வா" என்றாள். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து மீன் கொண்டுபோகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஜெகதாம்பாளும் வருகிறோம். ஹபீபாவிடம் சொல். வந்து என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. நீயே ஏதாவது பேச ஆரம்பித்துவிடு.

உன்,
மூர்த்தி