படிவத்தில் நான்கு பேர்

மாதா துணை.

அன்பானவருக்கு,

இன்று முகாம் அலுவலகத்தில் அதிகாரி, நான், நம் ரொஷானி மூவரே இருந்தோம். மன்னாருக்கு விரும்பித் திரும்புவோர் படிவத்தில், குடும்பத்தினர் நான்கு பேர் என்று எழுதிவிட்டேன்.

"நீங்க, பொண்ணு, முந்தியே ஊருக்குப் போன வீட்டுக்காரர். நாலாவது யாரும்மா?" என்று அதிகாரி கேட்டார்.

நேற்றுத்தான் கல்லறைத் திருநாள். தாமிரபரணிக் கரையில் நம் மகனுக்கு மெழுகுதிரி ஏற்றிய கை, அவனையும் சேர்த்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. "அடிச்சுட்டு மூணுன்னு போடுங்கம்மா" என்றார். என்னால் அடிக்க முடியவில்லை.

"தம்பிய இங்கன தனியா விட்டுட்டுப் போயிருவியாம்மா?" என்று மகள் கேட்டாள்.

இந்த அகதி முகாமில் முப்பது வருடமாகிறது, களைத்துவிட்டேன். உங்களிடம் வரத்தான் ஆசை. இந்த மாதக் கடைசிக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும். மூன்று என்று எழுதவா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மனைவி