இருபத்தொரு நாள் வெள்ளத்தில் நின்ற நெல்

ஒரத்தநாடு,
மார்கழி 12.

ஜப்பான் தேசத்து நெல்லுக்கெல்லாம் நாடி பிடித்துப் பார்க்கும் என் மருமகள் செம்மொழிக்கு, மூன்று மா நிலத்தின் ஏகச் சக்கரவர்த்தியாகிய உன் மாமன் அண்ணாதுரை எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். சம்பா பால் பிடிக்கிறது. என் வயல் பச்சையைப் பார்த்து மேலே போகிற விமானமெல்லாம் வழி தவறுவதாகக் கேள்வி. கார்த்திகை பிறந்ததிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. அதனால்தான் இந்தத் தபால்.

உன் அம்மா சொன்னாள். நம் ஊர் நெல் இருபத்தொரு நாள் வெள்ளத்தில் மூழ்கியும் பிழைத்தது என்று நான் அளந்துவிட்டதை அப்படியே ஆய்வில் எழுதிவிட்டாயாம். ஆதாரம் கேட்கும் இடத்தில் என் பெயராம். உன் பேராசிரியர் அதை எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டு, நிபுணர்கள் சரிபார்த்த கட்டுரை எங்கே என்று கேட்டாராம். உனக்குத் தலைகுனிவு.

உண்மையைச் சொல்கிறேன். மூழ்கியது ஒன்பது நாள். பிழைத்தது மேட்டு வயல் மட்டும். பள்ளத்து வயல் அழுகிப்போனது. ஒன்பது என்றால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய். இருபத்தொன்று என்றதும் அரைமணி நேரம் பேசினாய். அந்த ஆசையில் ஏற்றிவிட்டேன்.

நேற்று விவசாயக் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். நூலகர் கயல்விழி ஒரு ஆய்விதழ்க் கட்டுரையை எடுத்துத் தமிழில் விளக்கினார். முகம் தெரியாத இரண்டு பேர் ஒவ்வொரு கணக்கையும் குடைந்து கேட்ட பிறகுதான் அச்சேறுமாம். வெள்ளத்தில் மூழ்கிய பன்னிரண்டாம் நாளில் பாதிப் பயிர் செத்தது என்று அதில் போட்டிருக்கிறது. தன் வயல் செத்ததைத் தானே ஊரறியச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். நகல் உள்ளே இருக்கிறது. என் பெயரை அடித்துவிட்டு அதைப் போடு. நீ என்மேல் வைத்த பாசம் என்னைச் சரிபார்க்கவில்லை. அந்த முகம் தெரியாதவர்கள் பார்ப்பார்கள்.

அந்த மரியாதை என் கடிதத்துக்கும் வேண்டாமா? உன் அத்தை அம்சத்திடமும் பக்கத்து வயல் பக்கிரியிடமும் கொடுத்தேன். விமானம் வழி தவறும் வரியை அடி என்றாள் அத்தை. முடியாது என்றுவிட்டேன். பள்ளத்து வயல் அழுகியதை மறைக்கிறாயே என்று பக்கிரி சொல்லித்தான் அது ஏறியது. இனி வரும் இரண்டு வரியில் மட்டும் இருவரும் கை வைக்கவில்லை.

நீ பேசாமல் போன நாளிலிருந்து இந்த ஊரில் நான் யாரிடமும் கதை அளக்கவில்லை. இரண்டு நிமிடம் போதும், கூப்பிடு.

உன் படிப்பு கதிர் முற்றிக் களம் வந்து சேரட்டும்.

உன் மாமன்,
அண்ணாதுரை