இறகு அசையக் கூடாது

ஜூன் 5, வெள்ளி

மார்ச்சில் இழுத்துப் பூட்டிய பார்லரை இன்று திறந்தோம். வாசலில் வரிசை. பாதிப் பேர் தங்கள் முடியைத் தாங்களே வெட்டிக்கொண்டவர்கள், மீதிப் பேர் புருஷனை நம்பியவர்கள். ஒருத்தியின் நெற்றி முடியை ஆடு மேய்ந்திருந்தது. பெயர் எழுதுவது அழகல்ல. கோயிலில் ஆர்கன் வாசிப்பவள் என்று மட்டும் சொல்கிறேன். வெர்னா.

எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. முகக்கவசத்தைப் பற்றி.

வெர்னாவின் தலை பாதியில் இருக்கும்போது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. நின்றிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், சரி. ஆனால் நெஞ்சு மேலே ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. காதில் கொய்ங் என்றது. விரல் நுனியெல்லாம் எறும்பு. கத்தரியை வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினேன். குப்பைத் தொட்டி ஓரமாக நின்று துணியை இறக்கி, கடல் காற்றை வாய் நிறைய வாங்கினேன். ஒரே மீன் நாற்றம். அமிர்தமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் இப்படி மூன்று ஓட்டம். வெர்னாவிடம் வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்தேன். கடை மூடுவதற்குள் எனக்குப் பேதி என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஜூன் 6, சனி

இன்றைக்கும் ஓட்டம். வீட்டுக்கு வந்தால் ஃபின்லே படகிலிருந்து வந்து மீன் உருண்டை பொரித்துக்கொண்டிருந்தான். பச்சை வெங்காயத்தை நறுக்கித் தூவினான், என் தட்டிலும். நாளை ஞாயிறு, கடை இல்லை, அதனால் தின்றேன். வேலைக்குப் போகிற நாளில் நான் வெங்காயம் தொடுவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். நண்டு பிடிக்கிறவனுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

விஷயத்தைச் சொன்னேன். யோசித்தான். "மூக்கு வெளிய இருக்கட்டுமே" என்றான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் தந்த மிகச் சிறந்த யோசனை.

ஜூன் 9, செவ்வாய்

கோலெட் என்னை நிறுத்தி வைத்துப் பேசினாள். பக்கத்து நாற்காலிக்காரி, கடையில் பாதி அவளுடையது. நல்லவள்தான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

"பிலோ, நான் குத்தம் சொல்லல. ஆனா தலைய பாதியில விட்டுட்டு நீ ஓடிடற. அதுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கு. எங்க சித்தி பொண்ணு சும்மாதான் இருக்கா. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. முடியலன்னா உன் நாற்காலிய அவ பாத்துக்கட்டும், நீ பின்னாடி ரூம்ல சாயம் கலக்கு. அங்க மாஸ்க் கூட வேணாம்."

சாயம் கலப்பதாம்! இந்த ஊரில் பாதிப் பேரின் முதல் நற்கருணைக்கும் கல்யாணத்துக்கும் தலை வாரியது நான். என்னைக் கிண்ணத்தோடு மூலையில் உட்கார வைப்பதா? அங்கே யார் என்னிடம் என்ன சொல்வார்கள்? ஊர்ச்சேதி ஒன்றும் தெரியாமல் நான் செத்தே போய்விடுவேன்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூன் 11, வியாழன்

டாக்டர் தொலைபேசியிலேயே பார்த்தார். போன வருட எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் குதிரை மாதிரி இருக்கிறதாம். "பதற்றம்" என்றார். ஏன் என்று கேட்டேன். எல்லாருக்கும்தான் என்றார். இது ஒரு பதிலா?

நானே ஆராய்ச்சியில் இறங்கினேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தேன். ஒன்றும் இல்லை. கோயில் மேட்டில் ஏறினேன், வழக்கமான இரைப்புதான், அது என் இடுப்பின் தயவு. கடை மூடியபின் அதே துணியோடு தரை முழுக்கப் பெருக்கினேன். ஒன்றும் இல்லை!

அதே துணி, அதே மூக்கு, அதே கடை. நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்தால் மட்டும் மூச்சு போகிறது. ஃபின்லேயிடம், எனக்கு மனுஷர்களே ஒத்துக்கொள்ளவில்லையோ என்றேன்.

"உன் ஆளுங்களப் பாத்தா எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றான்.

ஜூன் 14, ஞாயிறு

துணிக்கும் எனக்கும் சண்டை. துணி ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 17, புதன்

இஷ்பெல் போய்விட்டாள். தூக்கத்திலேயே. வெள்ளிக்கிழமை தவறாமல் என் நாற்காலியில் உட்கார்ந்தவள். அவளுக்குத் தெரியாத ரகசியம் இந்தத் தீவிலேயே கிடையாது, அதில் பாதி அவளாகவே உண்டாக்கியது.

என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். "பெட்டில படுக்க வச்சப்புறம் எந்தலைய நீதான் வாரணும்டி. கோலெட் கைய வச்சா எந்திரிச்சு உக்காந்துருவேன்."

இறுதிச்சடங்கு இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். நாளைக் காலை. ஜன்னல் இல்லாத அறை, முகக்கவசம் கட்டாயம். சரி என்று சொல்லிவிட்டேன். இஷ்பெலைப் பாதித் தலையோடு விட்டுவிட்டு ஓடினால்? அவள் சும்மா விடுவாளா?

ஜூன் 18, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நீல உடுப்பில் படுத்திருந்தாள். அலசி, உலர்த்தி, சுருட்டினேன். சும்மா எப்படி இருப்பது? பேச ஆரம்பித்தேன். வெர்னாவின் நெற்றியை ஆடு மேய்ந்ததைச் சொன்னேன். அவளுடைய பெட்டிக்கு எந்த மருமகள் எந்தப் பூ அனுப்பியிருக்கிறாள், எது கஞ்சத்தனம் என்று சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டது இதுவே முதல் தடவை. குனிந்து, முகத்தோடு முகம் வைத்த மாதிரி, நெற்றிச் சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கொஞ்சம் அழுதேன். மூக்கு ஒழுகியது. முகக்கவசத்துக்குள் அது எப்படி இருக்கும் என்பதை விவரிக்க மாட்டேன்.

கை கழுவும்போதுதான் நினைவு வந்தது. இவ்வளவு நேரமும் அந்தத் துணி என் முகத்தில்தான் இருந்தது. நெஞ்சு நெஞ்சிலேயே இருந்தது. ஒரு எறும்பு கூட இல்லை.

ஏன்?

உயிரோடு இருப்பவர்களிடம் போகிற மூச்சு இறந்தவளிடம் ஏன் போகவில்லை? இதுதான் பதில் என்றால் நான் தொழிலை அங்கே மாற்றிக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல வர மாட்டார்கள்.

ஜூன் 20, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

வெர்னா திரும்ப வந்தாள், நெற்றியைச் சீர் பண்ண. நான் குனிந்து வெட்ட, வழக்கம்போல நெஞ்சு ஏற ஆரம்பித்தது. ஓடுவதற்கு முன் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் இரண்டு முகக்கவசங்கள். வெர்னாவுடையது தவளைத் தொண்டை மாதிரி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. என்னுடையது இஸ்திரி போட்ட மேசைத்துணி. அசையவே இல்லை.

துணி என் மூச்சைப் பிடிக்கவில்லை. நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்!

பயிற்சிப் பள்ளியில் எங்கள் மேடம் பொம்மைத் தலையின் நெற்றியில் ஒரு சின்ன இறகை ஒட்டி வைப்பார். நெற்றி முடி வெட்டும்போது இறகு அசைந்தால் மார்க் கிடையாது. "உங்க மத்தியானச் சாப்பாடு என்னன்னு உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது" என்பார். அன்றிலிருந்து முகத்துக்குப் பக்கத்தில் போனாலே மூச்சைக் கட்டிவிடுவேன். கட்டுவது எனக்கே தெரியாது.

அப்படியானால் இத்தனை வருடம் நான் ஏன் சாகவில்லை? பேசினேனே! இரண்டு வெட்டு, நிமிர்ந்து ஒரு வம்பு, மறுபடி இரண்டு வெட்டு. வம்புதான் என் காற்று. இப்போது கோலெட் சுவரில் 'பேச்சைக் குறைக்கவும்' என்று ஒட்டி வைத்திருக்கிறாள், அதிகாரிகள் சொன்னார்களாம். நானும் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சட்டத்தை மதித்தேன். இஷ்பெலிடம் மட்டும் வாய் ஓயவில்லை. அவள் முகத்தில் மூச்சுப் பட்டுவிடுமே என்றும் நினைக்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மூச்சு விட்டால் ஆள் முகத்தில் படாதா?

ஃபின்லேயைச் சமையலறையில் உட்கார வைத்து, நெற்றியில் வெல்லப்பாகைத் தொட்டு ஒரு கடற்பறவை இறகை ஒட்டினேன்.

"கல்யாணத்தப்ப இதெல்லாம் யாரும் சொல்லலையே" என்றான்.

முதலில் துணி இல்லாமல் குனிந்து மூச்சு விட்டேன். இறகு நடனம் ஆடியது. முகக்கவசம் போட்டு, குனிந்து, தாராளமாக மூச்சு விட்டேன். இறகு அப்படியே நின்றது. மறுபடி விட்டேன். நின்றது!

எந்தத் துணியைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அதுதான் என்னை மூச்சுவிடச் சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

இறகைப் பிய்க்கும்போது அவன் புருவத்தில் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. கேட்டால் படகில் அடிபட்டது என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 23, செவ்வாய்

தெரிந்துகொண்டால் போதுமா? உடம்புக்குத் தெரிய வேண்டாமா? இன்றைக்கும் ஒரு தடவை காது கொய்ங் என்றது. கால் பின்வாசலுக்குத் திரும்பியது. ஓடவில்லை. கண்ணாடியைப் பார்த்து, மேசைத்துணி தவளையாகும் வரை மூச்சை வெளியே விட்டேன். உள்ளே இழுப்பதை அது தானாகவே பார்த்துக்கொண்டது.

மூச்சு விட்டபடி வெட்டியதில் நெற்றி முடி ஒரு நூல் கோணல். இதுதான் இப்போது மாண்ட்ரியால் பாணி என்றேன். அந்த அம்மா நம்பிவிட்டாள்.

ஜூன் 26, வெள்ளி

இஷ்பெலின் நேரத்துக்கு யாரையும் போடவில்லை. நாற்காலியைத் துடைத்தேன்.

ஜூன் 30, செவ்வாய்

மாசக் கடைசி. கோலெட் காலையிலிருந்து என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆள் போனதும் கேட்டாள், "இன்னைக்குப் பின்வாசல் பக்கம் நீ போகவே இல்லையே?"

குப்பை கொட்டப் போனேன் என்றேன்.

அவள் சித்தி மகளுக்கு என் எதிரிலேயே போன் போட்டாள். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னாள். நான் என் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சாயம் கலக்கவாம்.

ஜூலை 11, சனி

வெர்னா வந்தாள். ஆடு மேய்ந்த இடம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. நெற்றியில் பாதி தாண்டியபோது கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள், "பிலோ, எத்தன வருஷமா உங்கிட்ட வெட்டிக்கறேன். நீ மூச்சு விடற சத்தம் இப்பத்தான் காதுல விழுது. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

சத்தம் கேட்டதா, இல்லை காற்றுப் பட்டதா என்று கேட்டேன்.

"சத்தம் மட்டுந்தான்" என்றாள்.

மத்தியானம் நான் சாப்பிட்டது மீன் உருண்டை. மேலே நிறையப் பச்சை வெங்காயம்.